புரொப்பேனில் கார்பனின் எண் −8/3 என்று வந்தால் விடை தவறா?

மாணவர்களே, வீட்டுச் சமையலறையில் இருக்கும் கேஸ் தோம்பிலிருந்து இந்த வாரப் பாடத்தைத் தொடங்கலாம். அதற்குள் அழுத்தி அடைக்கப்பட்டிருப்பது முக்கியமாக இரண்டு வாயுக்கள்: புரொப்பேன், பியூட்டேன். புரொப்பேனை எடுத்துக்கொள்வோம். ஒரு மூலக்கூறில் மூன்று கார்பன், எட்டு ஹைட்ரஜன். இதில் கார்பனின் ஆக்சிஜனேற்ற எண் என்ன?

ஐந்தாம் படிவத்தில் படித்த விதியைப் போடுங்கள். ஹைட்ரஜனுக்கு +1. எட்டு ஹைட்ரஜனுக்கு +8. மூலக்கூறுக்கு மின்னூட்டம் இல்லை என்பதால் மூன்று கார்பனும் சேர்ந்து −8. அப்படியானால் ஒரு கார்பனுக்கு −8/3.

மாலை வகுப்பு ஒன்றில் இந்தக் கேள்வியைக் கொடுத்தேன். ஒரு மாணவி சரியாக −8/3 வரை வந்துவிட்டு, பின்னம் வந்ததைப் பார்த்ததும் மொத்தத்தையும் அழித்துவிட்டு −3 என்று எழுதி வைத்தாள். ஏன் என்று கேட்டேன். “எலக்ட்ரானை மூன்றாக வெட்ட முடியாதே, சார்” என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எலக்ட்ரானை வெட்ட முடியாதுதான். ஆனால் அவள் போட்ட கணக்கும் சரிதான். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதுதான் இன்றைய பாடம். இது புரிந்துவிட்டால் ரெடாக்ஸ், கார்பன் சேர்மங்கள், வெப்ப வேதியியல் என்று பாடநூல் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும் மூன்று அத்தியாயங்களும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்.

மலாய்ப் பாடநூலில் ‘நொம்போர் பெங்ஒக்சிடாஆன்’ என்று படித்திருப்பீர்கள். தமிழில் ஆக்சிஜனேற்ற எண். பெயர் எதுவானாலும் அது ஒரு கணக்குமுறை. அணுவின் மீது உண்மையில் இருக்கும் மின்னூட்டத்தைக் கருவி வைத்து அளந்து எழுதியது அன்று. இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு பிணைந்திருக்கின்றன. அந்தப் பங்கை நியாயமாகப் பிரிக்காமல், அதிகமாக இழுப்பவனுக்கே இரண்டு எலக்ட்ரான்களையும் முழுதாகக் கொடுத்துவிட்டால் ஒவ்வொருவர் கணக்கிலும் எவ்வளவு மிச்சம் நிற்கும்? அதுதான் ஆக்சிஜனேற்ற எண்.

தேர்தலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றாலும் தொகுதி முழுக்க வென்றவருக்குத்தான். இங்கேயும் அப்படியே. லைனஸ் பாலிங் 1932ஆம் ஆண்டு வகுத்த எலக்ட்ரான் கவர்திறன் அளவுகோலில், இன்று பயன்படும் மதிப்புகளின்படி ஹைட்ரஜனுக்கு 2.20, கார்பனுக்கு 2.55, நைட்ரஜனுக்கு 3.04, குளோரினுக்கு 3.16, ஆக்சிஜனுக்கு 3.44. கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடைவெளி மிகச் சிறியதுதான். இருந்தாலும் வென்றது கார்பன். ஆகவே அந்தப் பிணைப்பின் இரண்டு எலக்ட்ரான்களும் கார்பன் கணக்கில் சேரும்.

இதிலிருந்து ஒரு சுலபமான வழி கிடைக்கிறது. மூலக்கூற்று வாய்பாட்டை விட்டுவிட்டுக் கட்டமைப்பு வாய்பாட்டை நோட்டில் வரையுங்கள். பிறகு ஒரு கார்பனைச் சுற்றி விரலை ஓட்டி, அதிலிருந்து கிளம்பும் நான்கு பிணைப்புகளையும் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஹைட்ரஜனோடு ஒரு பிணைப்பு என்றால் −1. ஆக்சிஜன், நைட்ரஜன், குளோரின், புரோமின் போன்ற கார்பனைவிட வலிய அணுவோடு ஒரு பிணைப்பு என்றால் +1. இரட்டைப் பிணைப்பு என்றால் இரண்டு முறை எண்ண வேண்டும். இன்னொரு கார்பனோடு பிணைப்பு என்றால் பூஜ்யம். சமபலம் உள்ளவர்கள், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வார்கள். கூட்டுங்கள், முடிந்தது. (கந்தகமும் அயோடினும் கார்பனை மயிரிழையில்தான் முந்துகின்றன. ஆனாலும் +1தான். தேர்தல் விதி.)

இப்போது புரொப்பேனுக்குத் திரும்புவோம். ஓரத்தில் இருக்கும் கார்பனுக்கு மூன்று ஹைட்ரஜன், ஒரு கார்பன்: −3. நடுவில் இருப்பதற்கு இரண்டு ஹைட்ரஜன், இரண்டு கார்பன்: −2. மறு ஓரத்தில் மீண்டும் −3. கூட்டினால் −8. மூன்றால் வகுத்தால் −8/3. ஆக, அந்த மாணவிக்குக் கிடைத்த பின்னம் மூன்று கார்பன்களின் சராசரி. ஒரு குடும்பத்தில் சராசரியாக இரண்டரைப் பிள்ளைகள் என்றால் எந்த வீட்டிலும் அரைப் பிள்ளை ஓடி விளையாடுவதில்லை அல்லவா? அதே கதைதான். தேர்வில் ‘கார்பனின் சராசரி ஆக்சிஜனேற்ற எண்’ என்று கேட்டால் −8/3 என்று தயங்காமல் எழுதுங்கள். குறிப்பிட்ட ஒரு கார்பனைச் சுட்டிக் கேட்டால் பிணைப்புகளை எண்ணுங்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கார்பனின் இணைதிறன் இந்தச் சேர்மங்கள் எல்லாவற்றிலும் நான்கேதான். எண் மட்டும் −4 முதல் +4 வரை ஏறி இறங்குகிறது. இணைதிறன் எத்தனை கைகள் என்று சொல்கிறது. ஆக்சிஜனேற்ற எண் அந்தக் கைகளில் எத்தனையில் கொடுத்தது, எத்தனையில் வாங்கியது என்று சொல்கிறது.

ஒற்றைக் கார்பன் ஏறும் ஏணி

ஒரே ஒரு கார்பன் உள்ள ஐந்து பொருள்களை வரிசையாகப் பார்ப்போம். மீத்தேனில் நான்கு பக்கமும் ஹைட்ரஜன்: −4. அதில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் ஹைட்ராக்சில் வந்தால் மெத்தனால்: மூன்று ஹைட்ரஜனுக்கு −3, ஆக்சிஜனுக்கு +1, ஆக −2. அடுத்தது மெத்தனேல், அதாவது ஃபார்மால்டிஹைட்: ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு, −2, +2, ஆக 0. அடுத்தது மெத்தனாயிக் அமிலம்: ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜனோடு மொத்தம் மூன்று பிணைப்பு; ஆக +2. கடைசியில் கார்பன் டைஆக்சைடு: நான்கும் ஆக்சிஜனோடு, +4.

−4, −2, 0, +2, +4. ஒவ்வொரு படியிலும் இரண்டு எலக்ட்ரான்கள் கார்பனின் கணக்கிலிருந்து கழிகின்றன. எண் ஏறினால் ஆக்சிஜனேற்றம், இறங்கினால் ஒடுக்கம். எந்த வினையிலும் ‘ஆக்சிஜன் சேர்ந்ததா, ஹைட்ரஜன் போனதா’ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்தால் போதும்.

இந்த ஏணி வெறும் தாள் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்த செய்தியை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சாவுகளுக்குப் பின்னால் இருப்பது இதே ஏணியின் நடுவிலுள்ள மூன்று படிகள்தான். மெத்தனால் உடலுக்குள் போனதும் கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மெத்தனேலாக மாற்றுகிறது: −2லிருந்து 0. இன்னொரு நொதி அதை உடனே மெத்தனாயிக் அமிலமாக மாற்றுகிறது: 0லிருந்து +2. அடுத்த படி ஏறிக் கார்பன் டைஆக்சைடு ஆகிவிட்டால் மூச்சில் வெளியேறிவிடும், கவலை இல்லை. ஆனால் மனித உடலில் அந்தக் கடைசிப் படி மிகவும் மெதுவாக நடக்கிறது. +2இல் அமிலம் தேங்கி நிற்கிறது, இரத்தம் அமிலமாகிறது, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் திணறுகின்றன, முதலில் அடிபடுவது கண் நரம்பு.

மருத்துவமனையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முதல் படியிலேயே ஏணியைத் தடுக்கிறார்கள். அந்த நொதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஃபோமெபிசோல் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள்; அது இல்லாத இடத்தில் மருத்துவரின் கண்காணிப்பில் அளந்து எத்தனால் கொடுப்பதும் உண்டு, ஏனென்றால் நொதிக்கு எத்தனால் மீதுதான் பிரியம் அதிகம். −2இல் நிற்கும் மெத்தனால் அவ்வளவு நஞ்சில்லை. அது ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் வழியாகவோ இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் வழியாகவோ வெளியேற்றிவிட்டால் கண்ணும் பிழைக்கும், உயிரும் பிழைக்கும்.

மெத்தனாயிக் அமிலம் என்றதும் தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிக்கு வேறொரு நினைவு வரும். ரப்பர் பாலை உறைய வைக்கத் தட்டில் ஊற்றும் அமிலம் இதுவேதான். எறும்பு கடித்தால் எரிகிறதே, அதிலும் இது உண்டு. இதன் கார்பன் +2இல் இருப்பதால் இன்னும் ஒரு படி ஏற இடம் இருக்கிறது. அமிலப்படுத்திய பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு சேர்த்துச் சூடாக்கினால் ஊதா நிறம் மறைந்துவிடும். மெத்தனாயிக் அமிலம் கார்பன் டைஆக்சைடாகிறது. வினிகரில் உள்ள எத்தனாயிக் அமிலத்தை அப்படிச் சூடாக்கிப் பாருங்கள், ஊதா அப்படியே இருக்கும். ஏன் என்று கேட்டால் விடை அடுத்த பத்தியில்.

எத்தனாலில் இரண்டு கார்பன், இரண்டு கதை

எத்தனாலை வாய்பாட்டிலிருந்து கணக்கிட்டால் ஆறு ஹைட்ரஜனுக்கு +6, ஆக்சிஜனுக்கு −2, மிச்சம் −4, ஆளுக்கு −2. எத்தனாயிக் அமிலத்தில் நான்கு ஹைட்ரஜன் +4, இரண்டு ஆக்சிஜன் −4, ஆக கார்பனுக்கு 0. சராசரி −2லிருந்து 0க்கு ஏறியிருக்கிறது. இரண்டு கார்பனும் இரண்டிரண்டு எலக்ட்ரான் இழந்தன போலிருக்கிறது, இல்லையா?

கட்டமைப்பை வரைந்தால் உண்மை தெரியும். எத்தனாலில் ஒரு கார்பனுக்கு மூன்று ஹைட்ரஜன்: −3. ஹைட்ராக்சில் தாங்கும் கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன்: −1. எத்தனாயிக் அமிலத்தில் முதல் கார்பன் அதே −3இல் அசையாமல் நிற்கிறது. இரண்டாவது கார்பனுக்கு மூன்று பிணைப்பு ஆக்சிஜனோடு, ஒன்று கார்பனோடு: +3. நடந்தது முழுக்க ஒரே கார்பனில்தான். −1லிருந்து +3க்கு நான்கு எலக்ட்ரான். இடையில் எத்தனேல் நிற்கிறது, அங்கே அதன் எண் +1. (எத்தனால், எத்தனேல் என்று ஓர் எழுத்து மாறினால் வினையே மாறிவிடும். விடைத்தாளில் கவனமாக எழுதுங்கள். திருத்துபவர் ஊகித்துக்கொள்ள மாட்டார்.)

இப்போது வினிகர் கேள்விக்கு விடை தெரிகிறதா? +3இல் நிற்கும் அந்தக் கார்பனுக்கு மிச்சம் இருக்கும் ஒரே பிணைப்பு பக்கத்துக் கார்பனோடு இருப்பது. இன்னும் மேலே ஏற வேண்டுமென்றால் அந்தக் கார்பன்-கார்பன் பிணைப்பை உடைத்தாக வேண்டும். அது பெர்மாங்கனேட்டுக்கு அவ்வளவு சுலபமாக முடியாத காரியம். மெத்தனாயிக் அமிலத்திலோ அந்த இடத்தில் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது, கழற்றுவது எளிது.

பொருளுக்கு ஒரு சராசரி எண்ணை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அதனால்தான் பிணைப்பை எண்ணும் முறையை நான் வலியுறுத்துகிறேன். சில நிமிடங்கள் கூடுதலாகப் பிடித்தாலும் பரவாயில்லை.

சமன் செய்வதிலும் இது கைகொடுக்கும். பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7லிருந்து +2க்கு இறங்கி ஐந்து எலக்ட்ரான் வாங்குகிறது. எத்தனாலின் கார்பன் நான்கு எலக்ட்ரான் கொடுக்கிறது. கொடுத்ததும் வாங்கியதும் சமமாக வேண்டும் என்றால் ஐந்து எத்தனாலுக்கு நான்கு பெர்மாங்கனேட். மொத்தம் இருபது எலக்ட்ரான் கைமாறுகின்றன. பிறகு மின்னூட்டத்தைச் சரிக்கட்ட 12 ஹைட்ரஜன் அயனிகள் இடப்பக்கம், வலப்பக்கம் 11 நீர் மூலக்கூறுகள். எழுதிப் பாருங்கள், ஆக்சிஜன் இரண்டு பக்கமும் 21 வரும். அரைச் சமன்பாடுகளை மனப்பாடம் செய்தவர்களைவிட நீங்கள் சீக்கிரம் முடித்துவிடுவீர்கள்.

ரெடாக்ஸ் போலத் தெரியும், ஆனால் இல்லை

ஈத்தீனோடு நீரைச் சேர்த்தால் எத்தனால் கிடைக்கிறது. ஆக்சிஜன் சேர்ந்துவிட்டது, ஆகவே ஆக்சிஜனேற்றம் என்று எழுதுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். எண்ணிப் பார்ப்போம். ஈத்தீனில் ஒவ்வொரு கார்பனுக்கும் −2, மொத்தம் −4. எத்தனாலில் −3உம் −1உம், மொத்தம் அதே −4. ஒரு கார்பன் ஒரு படி இறங்கியது, மற்றது ஒரு படி ஏறியது. இருவர் கணக்கையும் சேர்த்தால் வரவும் இல்லை, செலவும் இல்லை. இது ரெடாக்ஸ் வினை என்று சொல்ல முடியாது. எத்தனாலிலிருந்து நீரை அகற்றி ஈத்தீன் எடுக்கும் வினைக்கும் இதே பதில்.

எஸ்டர் உண்டாவதும் அப்படித்தான். எத்தனாயிக் அமிலமும் எத்தனாலும் சேர்ந்து எத்தில் எத்தனோயேட் ஆகும்போது +3 அப்படியே +3, −1 அப்படியே −1. பிணைப்புகள் ஆள் மாறின, எண்கள் மாறவில்லை.

ஆனால் ஈத்தீனோடு புரோமின் சேர்ந்து பழுப்பு நிறம் மறைகிறதே, அதை எல்லாரும் ‘சேர்க்கை வினை’ என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். கிடைக்கும் டைபுரோமோஈத்தேனில் ஒவ்வொரு கார்பனுக்கும் இரண்டு ஹைட்ரஜன், ஒரு புரோமின்: −1. இருந்தது −2. ஆகவே இரண்டு கார்பனும் ஆக்சிஜனேற்றம் அடைந்தன. 0இல் இருந்த புரோமின் −1க்கு இறங்கியது. ஆக்சிஜன் என்ற தனிமமே பக்கத்தில் இல்லாத ஓர் ஆக்சிஜனேற்றம்! பெர்மாங்கனேட்டும் ஈத்தீனிலிருந்து ஈத்தேன் டையால் உண்டாக்கும்போது கார்பன்களை அதே −1க்குத்தான் கொண்டுவருகிறது. நிறைவுறாச் சேர்மங்களைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் செய்யும் இரண்டு சோதனைகளும் கணக்கில் ஒரே சோதனைதான்.

தோசை மாவும் தாப்பாயும்

குளுக்கோசின் சராசரி எண் 0. ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன், +12, −12. ஆனால் திறந்த சங்கிலியாக வரைந்தால் முதல் கார்பன் ஆல்டிஹைடு, +1. கடைசிக் கார்பன் −1. நடுவில் உள்ள நான்கும் 0.

தாப்பாய் செய்யும்போது இந்தச் சர்க்கரைக்கு என்ன ஆகிறது? முதலில் மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது. பிறகு ஈஸ்ட், காற்று போதாத இடத்தில், ஒரு குளுக்கோசை இரண்டு எத்தனாலாகவும் இரண்டு கார்பன் டைஆக்சைடாகவும் பிரிக்கிறது. எத்தனாலில் போன நான்கு கார்பனுக்கும் மொத்தம் −8. கார்பன் டைஆக்சைடில் போன இரண்டுக்கும் மொத்தம் +8. கூட்டினால் மீண்டும் பூஜ்யம். வெளியிலிருந்து ஆக்சிஜன் வரவில்லை; எலக்ட்ரான் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கார்பன் எல்லாவற்றையும் இழந்து +4க்குப் போக, மற்ற நான்கும் அந்தச் சொத்தை வாங்கிக்கொள்கின்றன. ஒரே பொருள் ஒரே வினையில் ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் அடைகிறது.

இரவு அரைத்து வைத்த தோசை மாவு காலையில் புளிப்பதிலும் இதே தந்திரம், சற்று வேறு விதமாக. லாக்டிக் அமிலம் உண்டாகும் வழியில் ஒரு குளுக்கோஸ் இரண்டு லாக்டிக் அமிலமாகிறது. அதில் கார்பன்களின் எண்கள் −3, 0, +3. சராசரி பூஜ்யம்தான், குளுக்கோஸ் போலவே. சராசரியை மட்டும் பார்ப்பவர் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்பார். கார்பன் கார்பனாகப் பார்ப்பவருக்கோ ஒரு முனை ஒடுங்கி மறுமுனை ஆக்சிஜனேற்றம் அடைந்திருப்பது தெரியும். பாக்டீரியா வாழ்வதற்கு அந்த மாற்றத்தில் கிடைக்கும் சிறு ஆற்றல் போதும்.

எண்ணெயில் ஏன் இவ்வளவு கலோரி?

உணவுப் பொட்டலத்தின் பின்புறம் பாருங்கள். மாவுச்சத்து கிராமுக்கு 4 கிலோ கலோரி, கொழுப்பு கிராமுக்கு 9. ஏன் இரண்டு மடங்குக்கும் மேல்? ஆக்சிஜனேற்ற எண்ணே இதற்குப் பதில் சொல்லும்.

செம்பனை எண்ணெயில் மிக அதிகமாக இருக்கும் கொழுப்பு அமிலங்களில் ஒன்று பால்மிட்டிக் அமிலம். பதினாறு கார்பன், முப்பத்திரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். ஒரு முனையில் −3, நடுவில் பதினான்கு கார்பனுக்கும் தலா −2, மறுமுனையில் +3. மொத்தம் −28, சராசரி −1.75. எரியும்போது பதினாறும் +4க்குப் போக வேண்டும், அதாவது +64. −28லிருந்து +64க்கு 92 எலக்ட்ரான்கள். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான் வாங்கும். ஆகவே 23 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். சமன்பாட்டை எழுதிச் சரிபாருங்கள், 23தான் வரும். குளுக்கோசுக்கோ 0லிருந்து +24: 24 எலக்ட்ரான், ஆறு ஆக்சிஜன் மூலக்கூறு.

இப்போது எடைக்கு வருவோம். குளுக்கோசின் மோல் நிறை 180 கிராம், பால்மிட்டிக் அமிலத்துக்கு 256. 100 கிராம் குளுக்கோஸ் 13 மோல் எலக்ட்ரானைக் கொடுக்கும். 100 கிராம் பால்மிட்டிக் அமிலம் ஏறக்குறைய 36 மோல். கார்பன்கள் ஏணியின் கீழ்ப்படியில் நிற்பதால் ஏற வேண்டிய தூரம் அதிகம். போதாததற்குக் குளுக்கோசின் எடையில் பாதிக்கும் மேல் ஆக்சிஜன். அது எரியாத சுமை.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இனிமேல்தான். எரிதல் வெப்பத்தை எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மீத்தேன் மோலுக்குச் சுமார் 890 கிலோ ஜூல், −4லிருந்து +4க்கு 8 எலக்ட்ரான், வகுத்தால் 111. எத்தனால் 1367, 12 எலக்ட்ரான், 114. குளுக்கோஸ் 2803, 24 எலக்ட்ரான், 117. பால்மிட்டிக் அமிலம் ஏறக்குறைய 9980, 92 எலக்ட்ரான், 108. வாயு, திரவம், சர்க்கரை, கொழுப்பு என்று எதை எடுத்தாலும் ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 110ஐ ஒட்டியே வருகிறது. எரிபொருள் எதுவானாலும் எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் இடம் ஒரே ஆக்சிஜன்தான் என்பது இதில் பெரும்பங்கு வகிக்கிறது. இது தோராயம், விதி அன்று. கார்பன் மோனாக்சைடை வகுத்தால் 283 ÷ 2, அதாவது 141 என்று விலகி நிற்கும். ஆகவே தேர்வில் பிணைப்பு ஆற்றலோ உருவாதல் வெப்பமோ கொடுத்துக் கணக்கிடச் சொன்னால் அந்த வழியிலேயே போங்கள். விடை சரியான வரம்பில் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஓரத்தில் இந்த 110ஐப் போட்டுப் பாருங்கள். பெருக்கலில் ஒரு பூஜ்யம் தவறியிருந்தால் உடனே பிடிபடும்.

நீங்களே செய்து பாருங்கள்

ரப்பர் மரத்தின் பாலில் இருக்கும் நீண்ட சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் அலகுக்கு ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன். வரிசை இது: இரண்டு ஹைட்ரஜன் உள்ள கார்பன், அடுத்து ஹைட்ரஜனே இல்லாமல் ஒரு மெத்தில் கிளையைத் தாங்கும் கார்பன், அதிலிருந்து இரட்டைப் பிணைப்பில் ஒரு ஹைட்ரஜன் உள்ள கார்பன், கடைசியில் மீண்டும் இரண்டு ஹைட்ரஜன் உள்ள கார்பன். ஒவ்வொன்றின் எண்ணையும் எழுதுங்கள். பிறகு அதன் மூலப்பொருளான ஐசோப்ரீனையும் வரைந்து ஒப்பிடுங்கள். ஐசோப்ரீன் ரப்பராகக் கோத்துக்கொள்வது ரெடாக்ஸ் வினையா?

விடையைச் சரிபார்க்க: சங்கிலியில் −2, 0, −1, −2, மெத்தில் கிளைக்கு −3, மொத்தம் −8. ஐசோப்ரீனிலும் அதே ஐந்து எண்கள். இரட்டைப் பிணைப்பு இடம் மாறுகிறது, கணக்கு மாறவில்லை.

இன்னொன்று, இதற்கு விடை தரப்போவதில்லை. செம்பனைத் தோட்டத்தில் உரமாகப் போடும் யூரியாவில் கார்பன் ஒன்றுதான். ஆக்சிஜனோடு ஓர் இரட்டைப் பிணைப்பு, இரண்டு நைட்ரஜனோடு தலா ஓர் ஒற்றைப் பிணைப்பு. எண்ணிப் பார்த்தால் அந்தக் கார்பன் ஏற்கெனவே ஏணியின் உச்சியில் உட்கார்ந்திருப்பது தெரியும். ஆனால் யூரியாவை ஆக்சிஜனில் எரித்தால் வெப்பம் வெளிவரத்தான் செய்கிறது. கார்பனிடம் கொடுக்க ஒன்றும் இல்லையென்றால், எலக்ட்ரான்களைக் கொடுப்பது யார்?